மடையா, படையா?

வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் இறங்கும் வாய்க்குக் காவிரிப் படுகையில் மடை என்று பெயர். ‘மடை திறந்தாச்சு’ என்று ஒருவர் கைபேசியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்99 விசைப்பலகையின் நடுவரிசையில் ம இருக்கிறது. அதன் இடப்பக்கத்தை ஒட்டி ப. விரல் இரண்டுக்கும் நடுவே இறங்கினால், எழுதுபவர் நினைத்தது மடையா படையா என்று தீர்மானிக்கிற பொறுப்பு கைபேசிக்குப் போய்விடுகிறது. அதே வரிசையில் தகரமும் நகரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடவு என்று எழுதப்போய்த் தடவு என்று விழலாம். மேல்வரிசையில் ளகரமும் றகரமும் அடுத்தடுத்து, களை கறையாகலாம். மூன்று இணைகளிலும் இரண்டு பக்கமும் நல்ல தமிழ்ச் சொற்கள். அகராதியில் இல்லாத ஒன்று விழுந்திருந்தால் பிழை என்று உடனே தெரிந்துவிடும். இங்கே பிழையே சரியான சொல்லின் உருவத்தில் வந்து நிற்கிறது.

விரல் தொட்டது ஓர் இடத்தை. மனம் நினைத்தது ஒரு சொல்லை. இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தை விசைப்பலகை எப்படிக் கடக்கிறது என்பது பொறியியல் கேள்விதான். ஆனால் யாருடைய தமிழைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடக்கிறது என்று கேட்டால், அது நேராகத் தஞ்சாவூரையும் திருவாரூரையும் நாகப்பட்டினத்தையும் தொடுகிற கேள்வியாகிவிடுகிறது.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். தொடுதிரைக்கு எழுத்து தெரியாது. திரைக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கும் இடத்தில் அந்தக் கோடுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் சிறிது மாறுகிறது. மாற்றம் ஏற்பட்ட பரப்பை நொடிக்குப் பல பத்து முறை அளந்து, அந்தப் பரப்பின் மையத்தைக் கணக்கிட்டு, ஒற்றைப் புள்ளியாகச் சுருக்கி மென்பொருளிடம் கொடுக்கிறது கருவி. விரல்நுனி திரையில் படியும் அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். விசையின் அகலமோ அதைவிடக் குறைவு. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 விசைகள். தமிழ்99இன் மேல்வரிசையில் 12. திரையின் அகலம் 66 மில்லிமீட்டர் என்றால் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 6.6 மில்லிமீட்டர் கிடைக்கும், தமிழ் எழுத்துக்கு 5.5தான். தமிழில் எழுதுகிறவரின் விரல் தொடக்கத்திலேயே நெருக்கடியில் இருக்கிறது.

அந்த ஒற்றைப் புள்ளியும் விரலுக்குரியவர் குறிவைத்த இடமல்ல. ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் ஹாசோ பிளாட்னர் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹோல்ஸும் பாட்ரிக் பௌடிஷும் 2010, 2011 ஆண்டுகளில் செய்த ஆய்வுகள் இதை விளக்கின. நாம் விரலின் மேற்பக்கத்தைப் பார்த்துக் குறிவைக்கிறோம். நகத்தின் நடுவோ நுனியோ எழுத்தின்மேல் வந்து நிற்கும்படி விரலைக் கொண்டுபோகிறோம். கருவியோ விரலின் அடிப்பக்கம் படிந்த இடத்தை அளக்கிறது. இரண்டுக்கும் நடுவே விலகல் இருந்தே தீரும். அந்த விலகல் கண்டபடி இருப்பதில்லை, ஒரே ஒழுங்கில் இருக்கிறது, ஆகவே திருத்தக்கூடியது. 2011இல் நீல்ஸ் ஹென்ஸேவும் சகாக்களும் கைபேசி விளையாட்டொன்றின் வழியாகப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட தட்டல்களைத் திரட்டிப் பார்த்தபோது, தட்டல்கள் இலக்கிலிருந்து திரையின் வலக்கீழ்ப் பக்கமாகச் சரிவதைக் கண்டார்கள். எழுத்து எது என்ற கேள்விக்குப் போகும் முன்பே இப்படிப்பட்ட திருத்தங்கள் நடந்துமுடிந்துவிடுகின்றன.

ஆய்வகத்தில் தட்டிய விரல்கள் உலர்ந்த விரல்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நடவுக் காலத்தில் காலையிலிருந்து சேற்றிலும் தண்ணீரிலும் ஊறிய கை, மடியில் துடைத்துவிட்டு எடுக்கும் கைபேசி, திரையில் ஒன்றிரண்டு நீர்த்துளி. நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் துளி விழுந்த இடம் தொட்ட இடம்போலத் தோன்றும், அல்லது தொட்ட பரப்பு பெருத்து அதன் மையம் இடம்பெயரும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன தோல், சமிக்ஞையைக் குறைத்துக் காட்டும். இப்படி விரலின் சாட்சியம் மங்க மங்க, மொழியை வைத்துச் செய்யும் ஊகத்தின் கை ஓங்குகிறது. விரல் தெளிவாகப் பேச முடியாத இடத்தில் விசைப்பலகைக்குத் தெரிந்த மொழிதான் முடிவு செய்கிறது. காவிரி டெல்டாவுக்கு இந்த விஷயம் முக்கியமாவது இதனால்தான்.

ஊகத்தின் கணக்கு எளிமையானது. க்ளாட் ஷேனன் 1948இல் தகவல்தொடர்புக் கோட்பாட்டை வகுத்தபோது, இரைச்சல் மிகுந்த வழியாக வந்து சேர்ந்த செய்தியிலிருந்து அனுப்பிய செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டார். 2002இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜோஷுவா குட்மனும் மூன்று சகாக்களும் அதே கேள்வியைத் தொடுதிரை விசைப்பலகையிடம் கொண்டுபோனார்கள். இந்தச் சொல்லை நினைத்திருந்தால் விரல் இந்த இடத்தில் விழ எவ்வளவு வாய்ப்பு என்பது ஓர் எண். இந்தச் சொல்லை இந்த இடத்தில் ஒருவர் நினைக்கவே எவ்வளவு வாய்ப்பு என்பது இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் எது பெரிதாக வருகிறதோ அதுவே எழுதப்படும். இவ்வாறு செய்ததில் பிழை விகிதம் 1.67 முதல் 1.87 மடங்குவரை குறைந்தது.

மடைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். விரல் மகரத்தின் பக்கம் சற்றே சாய்ந்து விழுந்தது. விரலின் சாட்சியம் மகரத்துக்கு 60, பகரத்துக்கு 40 என்று கொள்வோம். விசைப்பலகையின் நினைவில் இருக்கும் தமிழ் பெரும்பாலும் செய்தித்தாள் தமிழ் என்றும், அதில் மடை ஒருமுறை வந்தால் படை 20 முறை வருகிறது என்றும் கொள்வோம். 60ஐ 1ஆல் பெருக்கினால் 60; 40ஐ 20ஆல் பெருக்கினால் 800. படை வென்றுவிட்டது. எழுதியவரின் விரல் சரியான பக்கம்தான் சாய்ந்திருந்தது. இருந்தும் அவர் தோற்றார். முன்னால் ‘வாய்க்கால்’ என்ற சொல் இருந்து, வாய்க்காலுக்குப் பின் மடை வரும் என்று விசைப்பலகைக்குத் தெரிந்திருந்தால் கணக்கு அப்படியே புரண்டிருக்கும். கணக்கில் எந்தத் தவறும் இல்லை. அந்த 20 எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

2007இல் வந்த முதல் ஐபோனின் விசைப்பலகையை உருவாக்கியவர் கென் கொசியெண்டா. அடுத்து வரக்கூடிய எழுத்துகளின் விசைகள் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகும் உத்தி அந்தத் தலைமுறையில் பரவியது. திரையில் படம் மாறாது. படத்துக்கு அடியில் எல்லைகள் மட்டும் நகரும். இந்த உத்திக்கு உள்ள ஆபத்தை 2010இல் அசேல குணவர்தன, டிம் பேக், கிறிஸ்டோபர் மீக் ஆகிய மூவரும் எடுத்துக்காட்டினார்கள். எல்லைகளைக் கட்டுப்பாடின்றி நகரவிட்டால், ஒரு விசையின் நட்டநடுவில் தட்டினாலும் பக்கத்து எழுத்து விழும் நிலை வரலாம். ஆகவே ஒவ்வொரு விசையின் நடுப்பகுதியையும் எந்த ஊகமும் தீண்டாத நிலமாக ஒதுக்க வேண்டும். அங்கே தட்டினால் அந்த எழுத்தேதான் வர வேண்டும் என்றார்கள். தொடுவிசைப்பலகை பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது இந்த நிபந்தனைதான். எழுதுகிறவர் வேண்டுமென்றே, நிறுத்தி நிதானமாகத் தட்டும்போது அதைக் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும். அரிய சொல்லை எழுதுகிறவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அது.

இனித் தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட வடிவம் இது. 12 உயிர், 18 மெய், புள்ளிக்கும் ஆய்தத்துக்குமாக ஒன்று என 31 விசைகள். உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. மெல்லினத்தையும் அதன் வல்லினத்தையும் இயன்றவரை பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்: டகரத்துக்கு அடுத்து ணகரம், சகரத்துக்கு அடுத்து ஞகரம், தகரத்துக்கு அடுத்து நகரம், பகரத்துக்கு அடுத்து மகரம். மேசைமேல் இருக்கும் விசைப்பலகையில் இது அருமையான ஏற்பாடு. தமிழில் ண்ட, ஞ்ச, ந்த, ம்ப என்பவை ஓயாமல் வருகின்றன. விரல்கள் பக்கத்துப் பக்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும்.

தொடுதிரைக்கு வந்ததும் அதே ஏற்பாடு சிக்கலாகிறது. அழுத்தினால் கீழிறங்கும் விசையில் விரலுக்கு விளிம்பு தெரியும். கண்ணாடியில் விளிம்பு இல்லை. சறுக்குகிற விரல் பக்கத்து விசையில்தான் விழும். பக்கத்தில் இருப்பதோ அதே இடத்தில் பிறக்கும் இன எழுத்து. சொல்லில் அதுவும் பொருந்தி நின்றுவிடுகிறது. மடி–படி, நாள்–தாள், நரை–தரை, மாலை–பாலை என்று எத்தனையோ இணைகள். தொடுதிரைக்கென்றே ஒரு தமிழ் விசையமைப்பைப் புதிதாக வகுப்பவர் இன எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பார் என்றே நினைக்கிறேன். தமிழ்99இல் தேர்ந்த கைகள் அதை விரும்பமாட்டா என்பதும் உண்மை.

தமிழ்99இல் வேறொரு வகை ஊகமும் உண்டு. இது புள்ளிவிவரத்தால் நடப்பதில்லை, இலக்கணத்தால் நடக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானாகப் புள்ளி பெறும்: க, க என்று தட்டினால் க்க. மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கி வரும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் வகுத்த மெய்ம்மயக்கம்தான் இங்கே நிரலாகியிருக்கிறது. புள்ளியைத் தட்டும் வேலை பெருமளவு மிச்சம். விதிவிலக்கு வரும்போது எழுதுகிறவரே நடுவில் அகரத்தைத் தட்டிக் காட்டிக்கொடுக்க வேண்டும். மமதை என்று எழுத ம, அ, ம. விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் மென்பொருளில் நதி என்று எழுதவும் ந, அ, த, இ என்று தட்ட வேண்டும். அகரத்தை விட்டால் ‘ந்தி’ என்று விழும். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் மெய் தனித்து நிற்காது என்ற இன்னொரு விதியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருந்தால் மென்பொருள் அங்கே புள்ளி வைத்திருக்காது. இத்தகைய ஊகத்தின் மேன்மை, அது வெளிப்படையானது என்பது. எப்போது என்ன செய்யும் என்று எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். ஒருமுறை பழகினால் அது கையோடு சேர்ந்துவிடுகிறது. புள்ளிவிவர ஊகத்தில் அந்த நிச்சயம் கிடைப்பதில்லை. நேற்று வந்த சொல் இன்று வராமல் போகலாம்.

இவற்றுக்கு முன்னால் இருந்த தட்டச்சுப் பொறி ஊகிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா 1930களில் வடிவமைத்த தமிழ்ப் பொறியில், அடித்தால் நகராத விசைகள் புள்ளியையும் விசிறியையும் தந்தன. அடித்தது விழும், அவ்வளவுதான். கும்பகோணம், மன்னார்குடித் தெருக்களில் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளுக்குப் பயின்ற தலைமுறையினர் தவறின் முழுப் பொறுப்பும் தம்முடையது என்று ஏற்றுக்கொண்டே எழுதப் பழகினார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் போனால், ஊகம் மறுபடி நடுநாயகமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்போது ஊகித்தவர் வாசகர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய தமிழெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றி நிற்கின்றன. ஓலையிலும் அப்படியே. எகர, ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும் நடைமுறையில் எழுத்தாணி அதை இட்டதில்லை. குறிலும் நெடிலும் ஒரே கொம்பில் எழுதப்பட்டன. நெடிலுக்கு இடும் காலும் ரகரமும்கூட ஒரே உருவம். விளைவை நினைத்துப் பாருங்கள். ஓலையில் மூன்று குறிகள் இருக்கின்றன: ப, காலோ ரகரமோ ஒன்று, ல. அது பால், பால, பரல், பரல என்று நான்கில் எதுவாகவும் இருக்கலாம். தொடு என்பதும் தோடு என்பதும் பார்வைக்கு ஒன்றே. எழுதியவர் எதை உத்தேசித்தார் என்று முன்பின் சொற்களையும் யாப்பையும் பொருளையும் கொண்டு வாசகர் முடிவு செய்ய வேண்டும். குட்மன் கணக்கில் எழுதியதை ஏட்டைப் படித்தவர்கள் மனத்துக்குள் செய்துவந்தார்கள்.

இந்தக் கலையில் கரைகண்டவர் இந்த மண்ணுக்குரியவரே. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக்காரரான உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்த ஆண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணிக்குள் புகுந்து, 1887இல் அதை அச்சிட்டார். திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பெற்ற பயிற்சி அவருக்குப் பெரும் துணை. இருந்தும் சிந்தாமணி முதலில் அவருக்கு வசப்படவில்லை, அது சமணக் காப்பியம் என்பதால். அதிலிருந்த வழக்குகள் அவர் கற்ற சைவ, வைணவ நூல்களில் இல்லாதவை. அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். எழுதியவரின் உத்தேசத்தை அறிய அந்த எழுத்துக்குரிய சமூகத்தின் மொழியை அறிந்தாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை. அவர் செய்த இரண்டாவது காரியமும் நம் பொருளுக்கு வேண்டியது. பல ஏடுகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்த பிறகும் மற்றவற்றை மறைக்கவில்லை. பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகக் காட்டினார். தம் ஊகம் தவறென்று பின்னால் வரும் ஒருவர் கருதினால், அவர் திரும்பிப்போக வழி வைத்தார்.

குறில் நெடில் குழப்பத்தைத் தீர்த்ததும் ஏறக்குறைய இந்த வட்டாரத்து வேலைதான். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவர் எகர, ஒகரக் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தும் வடிவங்களைப் பரப்பினார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியது. அச்சு பரவப் பரவப் புள்ளியும் நிலைத்தது. வாசகர் ஊகிக்க வேண்டியது சிறிது சிறிதாகக் குறைந்தது.

அந்தக் குழப்பம் கைபேசி வழியாகத் திரும்பிவந்திருக்கிறது. இன்று தமிழில் எழுதுகிற மிகப் பலர் ரோமன் எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறுகிறார்கள். கே, ஓ, டி, யூ என்று நான்கு ரோமன் எழுத்துகளைத் தட்டினால் அது கொடுவா, கோடா? தொடுவும் தோடும் மறுபடி ஒன்றாகிவிட்டன. ஓலையில் பிரிந்தே இருந்த ல, ள, ழ மூன்றும் இப்போது கலந்துவிட்டதால் வலி, வளி, வழி, வாலி, வாளி ஐந்தும் ஒரே தட்டலில் அடக்கம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் வெளிவந்த செல்லினம் போன்ற செயலிகள், எந்த ரோமன் எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று உறுதியான முறையை வகுத்து இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தன. 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7இல் தமிழ்99உம், ரோமன் எழுத்து வழியான அஞ்சல் முறையும் இடம்பெற்றன. ஆனால் முறையைக் கற்காமல் மனம்போனபடி ரோமனில் தட்டுகிறவர்களே அதிகம். அவர்களுக்காக இயந்திரம் ஏடு படிக்கிற வேலையைச் செய்கிறது. ஒரே தமிழ்ச் சொல்லை மக்கள் ரோமனில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதைக் கற்பிக்க, கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் தமிழ் உட்படத் தெற்காசிய மொழிகள் 12க்கு தக்ஷிணா என்னும் தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள்.

தமிழில் அடுத்த எழுத்தை எந்த அளவுக்கு ஊகிக்க முடியும் என்று அளந்து பார்த்தவர் தமிழ்நாட்டிலேயே இருந்தார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1963இல் தமிழ் உரைநடையின் என்ட்ரோபியைக் கணக்கிட்டுக் கட்டுரை வெளியிட்டார். கணிதரான அவர் கல்வெட்டெழுத்திலும் ஆழ்ந்தவர். தெளிவில்லாத எழுத்தைப் படிப்பதும் எழுத்தின் நிகழ்தகவை அளப்பதும் ஒருவரிடமே கூடியிருந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

சாமிநாதையர் சமணர் வீடுகளுக்குப் போனார். விசைப்பலகை எங்கே போகிறது? அது போவது இணையத்தில் கிடைக்கும் தமிழுக்கு: செய்தித் தளங்கள், கலைக்களஞ்சியம், சினிமாப் பேச்சு, சமூக ஊடகம். வாய்க்கால் வரப்பில் பேசப்படும் தமிழ் அங்கே குறைவு. குறுவை, சம்பா என்பவை செய்தியில் அடிபடுவதால் விசைப்பலகைக்குத் தெரிந்திருக்கும். தாளடி, நாற்றங்கால், போர், பதர், கருக்காய், களத்துமேடு, தலைமடை, கடைமடை என்று போகப் போக நிலைமை மங்கும். தமிழின் ஒட்டுநிலை இயல்பு இதை இன்னும் கடினமாக்குகிறது. மடை என்ற சொல் அந்த வடிவிலேயே வருவது குறைவு. மடையை, மடைக்கு, மடையிலேர்ந்து, மடையத்தான் என்று பல உருவங்களில் சிதறிக் கிடக்கும். அரிதான சொல்லின் ஒவ்வொரு உருவமும் இன்னும் அரிதாகிறது. முழுச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழை ஊகிக்க முடியாது. வேரையும் விகுதியையும் பிரித்தறியும் முறை வேண்டும்.

சொல்லைவிட வாக்கிய அமைப்பில் வட்டாரம் இன்னும் ஆழமாக இருக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் ‘தண்ணி வந்துட்டு’ என்றால் தண்ணீர் வந்துவிட்டது என்று பொருள். வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது. ‘பஸ் போயிட்டு’ என்றால் பேருந்து போய்விட்டது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் ‘வந்துட்டு’ என்பது எச்சம். வந்துட்டுப் போனான், வந்துட்டுச் சொன்னான் என்று ஒரு வினை தொடர்ந்தாக வேண்டும். பிற வட்டாரத் தமிழைக் கற்ற விசைப்பலகை, டெல்டாக்காரர் எழுதிமுடித்த வாக்கியத்தை முடியாத வாக்கியமாகப் படித்து, அடுத்த வினையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவர் அடுத்த வாக்கியத்தின் முதற்சொல்லைத் தட்டத் தொடங்கும்போது, அந்தத் தட்டல்களை முந்தைய வாக்கியத்தின் வினையாகப் படிக்க முயலும். விரல் சறுக்கியதாகத் தெரிவதில் ஒரு பங்கு உண்மையில் இலக்கணம் சறுக்கியது.

பருவமும் ஒரு சாட்சியம்தான். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும்போது குறுவை, நாற்றங்கால், தூர்வாரல் பற்றிய பேச்சு எழும், ஆகஸ்டிலிருந்து சம்பா, ஐப்பசி மழையில் தாளடி, வடிகால், மூழ்கிய பயிர், தை மாசியில் அறுப்பு, ஈரப்பதம், கொள்முதல், சாக்கு. ஒரு சொல்லின் வாய்ப்பு ஆண்டு முழுவதும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. இடமும் நாளும் கைபேசிக்குத் தெரியும். அவற்றை மொழியின் கணக்கில் சேர்ப்பது தொழில்நுட்ப அளவில் எளிதான காரியமே.

கைபேசி தன்னை வைத்திருப்பவரிடமிருந்து கற்றுக்கொள்கிறது என்பதும் உண்மைதான். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் தன் அகராதியில் சேர்த்துக்கொள்ளும். 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் ஆங்கில விசைப்பலகைக்குச் செய்துகாட்டிய முறையில், எழுதியது கைபேசியை விட்டு வெளியே போகாமல், கற்றதன் சாரமான எண்கள் மட்டும் போய் எல்லோருக்கும் பொதுவான மாதிரியில் கலக்கின்றன. அந்தரங்கத்தைக் காக்க நல்ல வழி. ஆனால் கோடிக்கணக்கான கைபேசிகளின் சராசரியில் சில லட்சம் பேரின் மடை கரைந்துவிடக்கூடும். படை என்று விழுந்ததைத் திருத்த நேரமில்லாமல் அனுப்புகிறவர்கள், அடுத்த முறை மடை என்று எழுதாமல் ‘தண்ணி விட்டாச்சு’ என்று எழுதிவிடுகிறவர்கள், குரல்பதிவுக்கு மாறிவிடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் சொல்லை எழுத்திலிருந்து விலக்குகிறார்கள். எழுத்தில் குறைந்ததால் அடுத்த பதிப்பு விசைப்பலகை அதை இன்னும் அரிதென்று கணிக்கும். இந்தச் சுழல்தான் என்னை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. ஒருவர் நினைத்ததை அறிய என்று வந்த கருவி, அவர் நினைக்கக்கூடியதை மெல்ல மெல்லக் குறுக்கிவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளிலும் நீர்வளத் துறையின் பாசன அறிவிப்புகளிலும் இந்த மண்ணின் சாகுபடிச் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. வட்டாரப் பேச்சைப் பதிவுசெய்து வகைப்படுத்தத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓலைச்சுவடித் துறையும் மொழியியலும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் அது. பேசுகிறவர்களின் சம்மதத்தோடு திரட்டி, எந்த விசைப்பலகை நிறுவனமும் எடுத்துக்கொள்ளும்படி திறந்த தொகுப்பாக வைத்தால், மேலே சொன்ன அந்த 20 என்ற எண் டெல்டாவில் வேறாகிவிடும். விசைப்பலகை செய்கிறவர்கள் பக்கம் இரண்டு கடமைகள்: விசையின் நடுப்பகுதியை ஊகத்துக்கு அப்பால் வைப்பது, திருத்திய சொல்லுக்குப் பக்கத்தில், விரல் எழுதியதை அப்படியே ஒரு தட்டலில் மீட்கும்படி காட்டிக்கொண்டிருப்பது. இரண்டாவது, பதிப்பாசிரியரின் பிரதிபேதம் திரைக்கு வந்த வடிவம்தான்.

அழிக்கும் விசையையும் இங்கே பேசவேண்டும். யூனிகோடில் கொ என்பது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்தது. ஒருமுறை அழித்தால் உயிர்க்குறி மட்டும் போக வேண்டுமா, எழுத்து முழுவதும் போக வேண்டுமா? கோடு என்று எழுத நினைத்துக் கொடு என்று விழுந்தவருக்குக் குறி மட்டும் போனால் போதும். தோடு என்று எழுத நினைத்துக் கோடு என்று விழுந்தவருக்கு எழுத்தே போக வேண்டும். இப்போதுதான் எழுதிய எழுத்தைக் குறிகுறியாகவும், பழைய எழுத்தை முழுதாகவும் அழிப்பது நியாயமான வழி என்று எனக்குப் படுகிறது.

ஊகமே கூடாத இடங்களும் உண்டு. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் விற்க இணையத்தில் பதிவுசெய்கிற படிவத்தில் பெயர், தந்தை பெயர், கிராமம், புல எண், உட்பிரிவு, வங்கிக் கணக்கு என்று கட்டங்கள் இருக்கின்றன. அங்கே பெயர் பக்கத்துப் பெயராகத் திருத்தப்பட்டாலோ, உட்பிரிவின் எழுத்து மாறினாலோ, சிட்டாவோடும் அடங்கலோடும் பொருந்தாமல் விவசாயி மூட்டைகளோடு நிற்க வேண்டிவரும். இந்தக் கட்டத்தில் பரிந்துரையும் திருத்தமும் வேண்டாம் என்று விசைப்பலகைக்குச் சொல்ல ஆண்ட்ராய்டிலும் இணையப் பக்கங்களிலும் ஏற்கெனவே வசதி உண்டு. நிரலில் ஒரு வரி போதும். அந்த வரியை எழுத வேண்டியவர் படிவத்தை வடிவமைக்கிறவர். அதை மீறாமல் நடக்க வேண்டியது விசைப்பலகை.